நடுத்தரக் காளையும் உறுதியான அச்சும்

அத்தியாயம் பதினான்கு

சந்தைக்குப் போன உழவர் இருவர் இருந்தனர். ஒருவர், திமிலைக் கண்டாலே கூட்டம் விலகி நிற்கும் பெரிய காளையை வாங்கினார். கைப்பணம் அதிலேயே கரைந்துவிட்டதால், வீட்டில் கிடந்த உளுத்த அச்சில் வண்டியைப் பூட்டினார். மற்றவர் நடுத்தரக் காளை ஒன்றைப் பிடித்து, மிச்சத்தை வைரம் பாய்ந்த அச்சுக்குக் கொடுத்தார். முதல் மேட்டிலேயே பெரிய காளை இழுத்த இழுப்பில் அச்சு முறிந்தது. காளை ஊர் போய்ச் சேர்ந்தது, மூட்டை சேரவில்லை.

அன்னபுஷ்பம் இந்தக் கதையைக் கேட்டவள் அல்லள். ஆயினும் அதன் பொருள் அவள் கண்ணிலேயே இருந்தது. ஒரகடம் சாலைத் தொழிற்சாலை ஒன்றில், பத்தொன்பது ஆண்டுகள் மதர்போர்டுகளை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துக் குறை கண்டுபிடித்த கண் அது.

ஆறு மாதங்களுக்கு முன் அந்தப் பிரிவு மூடப்பட்டதும், விருப்ப ஓய்வில் வீடு வந்தவள் சும்மா இருக்க முடியாமல் கல்யாண வீடியோக்களை வெட்டித் தொகுக்கக் கற்றுக்கொண்டதும், குன்றத்தூர் ஸ்டுடியோக்காரர் முனிரத்தினம் போன வாரம் அவளுக்கு ஒரு பரீட்சை வைத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

"மணிமங்கலம் கல்யாணத்தைப் பன்னெண்டு நிமிஷப் படமாக்கிக் குடுங்க அக்கா. சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு ரிசப்ஷன் மண்டபத்துல கையில வேணும். வந்துச்சுன்னா தை, மாசி கல்யாணம் மொத்தமும் உங்களுக்கு. வரலைன்னா போரூர் ஆளுக்கு."

படம் தொகுத்தாகிவிட்டது. பழைய லேப்டாப் தாங்காது என்பதால், மங்கலான சிறு பிரதிகளை வைத்துத்தான் மூன்று நாளும் வேலை செய்தாள். முகங்கள் எல்லாம் நீரில் கரைத்த வண்ணங்களாகத் தெரிந்தன. தாலி கட்டும் காட்சியில் மணப்பெண்ணுக்குப் பின்னால் தெரிந்த ஒரு மெரூன் நிறத் திட்டு கண்ணுக்கு இதமாக இருந்ததால், அந்தக் காட்சியை நான்கு விநாடி நீட்டியும் வைத்தாள்.

முழுத் தெளிவோடு படத்தை வெளியே எடுக்க வேண்டியதுதான் பாக்கி. லேப்டாப் அதற்குப் பதினொரு மணி நேரம் கேட்டது. வெள்ளிக்கிழமை இரவு மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் தொடங்கிய சிறிது நேரத்திலேயே படுத்துக்கொண்டது.

ஆகவே சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அன்னபுஷ்பமும் அவள் மகள் ஷாலினும் ஸ்கூட்டரிலும், கணவர் அருள்நாதன் பைக்கிலுமாகக் குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஜீவானந்தத்தின் கம்ப்யூட்டர் கடை வாசலில் இறங்கினார்கள். பெட்டி, நினைவகம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் போன வாரமே சேர்ந்துவிட்டன. பிராசசரும் மதர்போர்டும், பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரும்தான் பாக்கி.

ஜீவானந்தம் ஒரு காலத்தில் அன்னபுஷ்பத்துடன் ஒரே உற்பத்தி லைனில் வேலை பார்த்தவன்.

"அக்கா, எட்டு கோர் பிராசசர், எட்டு மூளை வச்ச மாதிரி. போன மாசம் வந்தது. இதோட இந்தச் சின்ன போர்டைப் போட்டா உங்க பட்ஜெட்ல கச்சிதமா அடங்கும்."

அன்னபுஷ்பம் பிராசசர் டப்பாவைத் தொடவே இல்லை. போர்டை எடுத்தாள். விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தாள்.

"இதுல வேகம் ஏத்தலாமா ஜீவா?"

"அது... இந்த போர்டு விடாதுக்கா."

"விட்டாலும் தாங்காது. பிராசசருக்குக் கரண்ட் போற இடத்தைப் பாரு. கரண்டைச் சீராக்க நாலே நாலு காயில். சூடு இறங்க மேல ஒரு அலுமினியத் துண்டுகூடக் கெடையாது. இது தலையில எட்டு கோரை ஏத்தறியே, பாவமா இல்ல?"

ஜீவானந்தம் தலையைச் சொறிந்தான். "உங்ககிட்ட போர்டு விக்கறது மீனுக்கு நீச்சல் கத்துத் தர்ற மாதிரி."

அருள்நாதனுக்கு ஒரு சொல் மட்டும் காதில் முள்ளாகத் தைத்திருந்தது. அவர் கார்களுக்கு டாஷ்போர்டு செய்யும் ஆலையில் தரப் பரிசோதகர். இருபது ஆண்டு அனுபவம்.

"வேகம் ஏத்தறதுன்னா இன்னா புஷ்பம்?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். பிராசசரைச் செய்கிறவர்கள் அதற்கு ஒரு வேகத்தைக் குறித்து அனுப்புகிறார்கள். எந்த வெயிலில், எந்த வீட்டில் வைத்தாலும் பழுதின்றி ஓட வேண்டுமே என்று சற்று அடக்கியே குறிப்பார்கள். பூட்டுப் போடாத பிராசசராக இருந்து, போர்டும் இடம் கொடுத்தால், அடக்கி வைத்ததில் ஒரு பங்கை வாங்கியவரே ஏற்றிக்கொள்ளலாம். ஓவர்கிளாக் என்பது அதன் பெயர். மின்சாரம் சீராக வர வேண்டும். சூடு உடனே வெளியேற வேண்டும். அவ்வளவுதான்.

"கம்பெனி போட்ட ஸ்பெக்கைத் தாண்டறதா? எங்க லைன்ல அப்டி ஒருத்தன் பண்ணான். நேரா எச்.ஆர். ரூம்."

"ப்பா, நீங்க மட்டும் இன்னா?" என்றாள் ஷாலின். கல்லூரி இரண்டாம் ஆண்டு. வாயில் எப்போதும் ஒரு குறும்பு தயாராக இருக்கும். "எட்டு மணி நேர ஆளு ஓ.டி. போட்டுப் பன்னெண்டு மணி நேரம் ஓடறீங்க. அதும் ஓவர்கிளாக்தான்."

"அதான் முதுகு சூடாவுது!"

ஜீவானந்தம் இன்னொரு போர்டை எடுத்துச் சொருகிக் காட்டினான். அது சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக மின்னியது.

"மாதா தேருக்கு சீரியல் லைட் போட்ட மாதிரி கீது," என்றாள் அன்னபுஷ்பம். "லைட்டுக்கு ஏன்டா நான் காசு குடுக்கணும்? அந்த மூணாவது டப்பாவை எடு."

மூன்றாவது போர்டு கறுப்பாக, அடக்கமாக இருந்தது. பிராசசர் அமரும் குழியைச் சுற்றிப் பத்துக் காயில்கள். அவற்றின்மேல் விரல் தடிமனுக்கு அலுமினியம். அன்னபுஷ்பம் அதை ஒரு நிமிடம் பார்த்தாள். வரன் பார்க்க வந்த தாய், பையன் பேசுவதைவிட நடப்பதைக் கவனிப்பாளே, அப்படி ஒரு பார்வை.

"இது. கூட, போன தலைமுறை ஆறு கோர் பிராசசர், பூட்டில்லாதது. மிஞ்சற காசுக்கு ஒரு நல்ல கூலர்."

"பழசையா?" என்றார் அருள்நாதன்.

"எட்டு கோரை வாங்கி நோஞ்சான் போர்டுல கட்டிப்போடறதுக்கு, ஆறு கோரை நல்ல போர்டுல ஓட விடறது லாபம். ஓட ஆரம்பிக்கற வரைக்கும்தாங்க புதுசு, பழசு எல்லாம்."

அருள்நாதன் சற்று யோசித்தார். பின், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் போலச் சொன்னார்: "சரி. ஆனா கூலரை நான்தான் மாட்டுவேன். திருகு முடுக்கற விஷயத்துல உங்க ஃபேக்டரியை நான் நம்ப மாட்டேன்."

"தாராளமா மாட்டுங்க."

இந்தத் தாராளத்துக்கு அன்று பிற்பகல் ஒரு விலை கொடுக்க நேரும் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

*

பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குள் நுழைகிற எவரும் முதலில் கவனிப்பது ஒன்று உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கீறல் படாமலிருக்கக் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கும். தொலைக்காட்சியின் விளிம்பிலும் இருக்கும். ஸ்கூட்டர் இருக்கையின் பிளாஸ்டிக் உறை கிழிந்து தொங்கினாலும் இருக்கும். எல்லாம் அருள்நாதனின் ஏற்பாடு.

"நம்ம வூட்ல உறை பிரிச்சு நான் பாத்தது பிரியாணிப் பொட்டலம் ஒண்ணுதான்," என்று ஷாலின் தோழிகளிடம் சொல்வது வழக்கம்.

பதினொன்றரை மணிக்குச் சாப்பாட்டு மேசை தொழிற்சாலையாயிற்று. அன்னபுஷ்பம் மணிக்கட்டில் பழைய பட்டையைக் கட்டிக்கொண்டாள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போர்டைத் தாக்காமல் காக்கும் பட்டை அது. பின், ஷிப்டின் முதல் போர்டுக்குப் பத்தொன்பது ஆண்டுகளும் செய்ததை இன்றும் செய்தாள்: கட்டை விரலால் காற்றில் ஒரு சிறு சிலுவை வரைந்தாள்.

பிராசசரின் மூலையிலிருந்த முக்கோணத்தைக் குழியின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தாள். அது சத்தமின்றி அமர்ந்தது. நெம்புகோலைத் தாழ்த்தினாள். மேலே சூடு கடத்தும் பசையை ஒரு பட்டாணி அளவு வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி ஒலித்தது. முனிரத்தினம்.

"அக்கா, மாப்பிள்ளையோட பெரியப்பா பேரு தலைப்புல உட்டுப்போச்சாம். சேக்கலைன்னா மண்டபத்துக்கே வரமாட்டேன்றாரு."

"பேரைச் சொல்லுங்க தம்பி. எழுத்தெழுத்தாச் சொல்லுங்க."

அவள் எழுதிக்கொள்ள வாசலுக்குப் போனாள். ஷாலின் அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். மேசையருகே அருள்நாதன் தனியே இருந்தார். கூலரை டப்பாவிலிருந்து இரு கையாலும் குழந்தையைப் போல எடுத்தார், வைத்தார், நான்கு திருகுகளையும் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக முடுக்கினார். அவள் திரும்பி வந்தபோது வேலை அத்தனை நேர்த்தியாக முடிந்திருந்தது.

"எப்டி?" என்றார்.

"அளவெடுத்த மாதிரி கீதுங்க."

ஒன்றரை மணிக்குப் பொத்தானை அழுத்தினார்கள். விசிறிகள் சுழன்றன. திரை ஒளிர்ந்தது. ஷாலின் முட்டைக் கரண்டியோடு குதித்தாள். மென்பொருள்களை ஏற்றி, பெரியப்பாவின் பெயரைச் சேர்த்து, வேகத்தை ஒவ்வொரு படியாக உயர்த்தி முடித்தபோது மணி இரண்டே முக்கால். அன்னபுஷ்பம் படத்தை வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்தாள்.

பிராசசரின் சூடு எழுபது பாகை. எண்பது. தொண்ணூறு.

நான்காவது நிமிடத்தில் தொண்ணூற்றைந்து. விசிறி கூவியது. அடுத்த நொடி திரை இருண்டது.

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்னோக்கி வரும் மணியோசை மட்டும் கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அருள்நாதன். குரலில் வெற்றி இல்லை, வருத்தமே இருந்தது. "கம்பெனிக்காரன் மடையனா? ஸ்பெக்குன்னு ஒண்ணு எதுக்குப் போடறான்?"

பத்தொன்பது ஆண்டு பிறர் செய்த பலகையில் குறை கண்டவள், தனக்கென்று தேர்ந்தெடுத்த முதல் பலகையிலேயே தோற்றாளா? தை மாதம் முழுவதும் போரூருக்குப் போகிறதா?

ஆனால் பழகிய மூளை அழுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும். கணினி ஆறியதும் மீண்டும் இயக்கினாள். ஏற்றிய வேகம் அனைத்தையும் இறக்கி, கம்பெனி குறித்த வேகத்திலேயே ஓடவிட்டாள்.

எண்பது. தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று.

சட்டென அணைத்தாள். முகம் தெளிந்தது.

"ஸ்பெக்குல ஓடறப்பவும் காய்ச்சல் அடிக்குதுன்னா, வேகம் குத்தவாளி இல்லீங்க. லைனை நிறுத்து! கடைசி ஸ்டேஷன்லேர்ந்து பின்னாடி போவோம். கூலர் ஸ்டேஷன்ல யாரு?"

"நான்," என்றார் அருள்நாதன், பள்ளிக்கூடத்தில் கை தூக்குவது போல.

"செஞ்சதை வரிசையாச் சொல்லுங்க."

"டப்பாவைப் பிரிச்சேன். கூலரை எடுத்தேன். பசை மேல நேரா வச்சேன். குறுக்கு மறுக்கா நாலு திருகு."

"அடியில, செம்பு மேல, கண்ணாடி மாதிரி ஒரு ஃபிலிம் இருந்திருக்குமே?"

"இருந்திச்சு. ஒரு கீறல்கூட இல்ல."

"அதை எடுத்தீங்களா?"

அருள்நாதன் அவளை ஏறிட்டார். கேள்வியே அவருக்கு முறையற்றதாகத் தோன்றியது.

"நான் ஏன் எடுக்கணும்? ஃபிலிமை எடுக்கறது கஸ்டமர் வேலை. லைன்ல எவனாவது எடுத்தா மெமோதான். இருபது வருஷத்துல நான் ஒரு ஃபிலிம்மேல கை வச்சதில்ல."

"சரிங்க. இங்க கஸ்டமர் யாரு?"

அவர் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். ஏழு ஆண்டுகளாகத் தாளோடு நிற்கும் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார்.

"...நாமதான்."

முதலில் ஷாலின் சிரித்தாள். பிறகு அன்னபுஷ்பம். கடைசியாக அருள்நாதன், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர.

"நெல்லுக்கு உமி காவல்தான்," என்றாள் அன்னபுஷ்பம், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "உலையில போடறப்பவும் உமியோட போட்டா சோறு எப்டிங்க வேவும்?"

சிரிப்புக்கு அதிக நேரம் இல்லை. மணி மூன்று இருபது. திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்தாள். வெடுக்கென்று இழுத்தால் பிராசசரும் பசையோடு பிய்ந்து வந்துவிடும். வந்தது கூலர் மட்டும். அதன் அடியில் பசை அப்பிய தாள் குற்றவாளி போல ஒட்டியிருந்தது.

"நீங்களே எடுங்க," என்றாள்.

அருள்நாதன் நகத்தால் ஒரு மூலையை நிமிண்டினார். உரித்தார். கீழே செம்பு, உதிக்கும் சூரியன் போலப் பளபளத்தது.

பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, புதுப்பசை வைத்து, மீண்டும் முடுக்கி, கட்டளை கொடுத்தபோது மூன்றே முக்கால். கம்பெனி வேகத்தில் ஓடினால் ஐந்து இருபத்தைந்துக்கு முடியும் என்றது கணினி. குன்றத்தூர் மண்டபத்துக்கு ஐந்தே காலுக்குள் கிளம்பியாக வேண்டும்.

அன்னபுஷ்பம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தார். அறுபது பாகையைத் தாண்டவில்லை.

"ஏத்து புஷ்பம்," என்றார்.

நிறுத்தி, வேகத்தை ஏற்றி, மறுபடி தொடங்கினாள். எழுபத்தொன்றில் சூடு நின்றுகொண்டது. முடியும் நேரம் ஐந்து பன்னிரண்டு. அந்தப் பதின்மூன்று நிமிடத்துக்காகத்தான் பத்துக் காயில்களும் விரல் தடிமன் அலுமினியமும்.

"எழுபத்தொண்ணு... எழுபத்தொண்ணு... எழுபதும்மா!" என்று ஷாலின் கிரிக்கெட் வர்ணனை போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணி சுமாருக்கு அடுப்படிப் பக்கம் 'சர்ர்ர்' என்று நீண்ட ஓசை. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். அருள்நாதன் கையில் ஓர் ஆள் உயரத்துக்குப் பழுப்பேறிய தாள் தொங்கியது. குளிர்சாதனப் பெட்டி, மழை கழுவிய வானம் போல நின்றது.

"இந்த நீலம் இவ்ளோ அழகாவா இருந்திச்சு?" என்றார் அவர்.

"ப்பா, ஸ்கூட்டர் சீட்டு?"

"அவசரப்படாத. ஒரு நாளைக்கு ஒண்ணு."

*

ஐந்து பன்னிரண்டுக்குப் படம் முடிந்தது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பென் டிரைவைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். கம்பெனி பஸ்களுக்கும் கண்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே, வாழ்நாளில் விதியை மீறாத அருள்நாதன் பைக்கில் ஒலிப்பானை அலறவிட்டு முன்னே வழி செய்ய, தாயும் மகளும் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார்கள்.

மண்டப வாசலில் முனிரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அஞ்சு அம்பத்தி நாலு! அக்கா, போரூர்காரனுக்குப் போன் போட விரலை வச்சிட்டேன்."

"விரலை எடுங்க தம்பி."

ஏழு மணிக்குப் பெரிய திரையில் படம் ஓடியது. அன்னபுஷ்பம் திரையைப் பார்க்கவில்லை, பார்ப்பவர்களைத்தான் பார்த்தாள். மணப்பெண்ணின் தாய் சிரித்த இடம், உடனே அழுத இடம், பெயர் வந்ததும் பெரியப்பா மீசையைத் தடவிய இடம், எல்லாவற்றையும் பார்த்தாள். முடிந்ததும் மண்டபமே கைதட்டியது.

முனிரத்தினம் அவள் முன் நின்றார். "தையில பதினோரு கல்யாணம். நாளைக்கே தேதி அனுப்பறேன். இனிமே நான் உங்களுக்குப் பரீட்சை வைக்க மாட்டேன்க்கா."

அருள்நாதன் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "போர்டை இவங்களே பாத்து எடுத்தாங்க. பிராசசரு நடுத்தரம்தான், போர்டு இரும்பு," என்று விளக்கிக்கொண்டிருந்தார். தாளைப் பற்றி மூச்சு விடவில்லை.

"இன்னொரு தபா போடுங்க!" என்று மாப்பிள்ளை வீட்டார் கூவினார்கள்.

இம்முறை அன்னபுஷ்பம் திரையைப் பார்த்தாள். தன் வேலை, முழுத் தெளிவில், முதன்முறையாக. பட்டுப்புடவையின் ஒவ்வோர் இழையும் தெரிந்தது. மேளக்காரரின் நெற்றி வியர்வை தெரிந்தது. தாலி கட்டும் நேரம் வந்தது. மணப்பெண்ணுக்குப் பின்னால் அந்த மெரூன் நிறத் திட்டு.

அது ஒரு சட்டை. பிறந்தநாளுக்கென்று தாம்பரத்தில் அவளே தேடி எடுத்த சட்டை.

சட்டைக்குள் இருந்தவன் அவள் மகன் ஜெபர்சன். ஓசூரில் பயிற்சியில் இருப்பவன். இரண்டு மாதமாக ஊர்ப்பக்கம் வர ஒரு நாள்கூட விடுப்பு கிடைக்கவில்லை என்று நேற்றும் போனில் அலுத்துக்கொண்டவன். திரையில் அவன் உள்ளங்கையில் அட்சதை இருந்தது. பக்கத்தில் நின்ற ஓர் இளம்பெண் அவனைக் கேட்காமலே அதில் பாதியை உரிமையோடு அள்ளிக்கொண்டாள், அவன் சிரித்தான். அன்னபுஷ்பம் நீட்டி வைத்த நான்கு விநாடியும் சிரித்தான்.

"இன்னா தெளிவு பாரு புஷ்பம்!" என்றார் அருள்நாதன். அவர் பார்வை மேளக்காரரின் நெற்றியிலேயே நின்றிருந்தது. "ஒரு புள்ளிகூட மங்கல் இல்ல."

"ஆமாங்க," என்றாள் அவள். "எல்லாம் நல்லாவே தெரியுது."

மெல்ல மகளின் பக்கம் திரும்பினாள். மண்டபத்தில் அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஷாலின் ஒருத்தி மட்டும் பாயசக் கிண்ணத்தில் முந்திரி தேடிக்கொண்டிருந்தாள். கிண்ணம் காலியாக இருந்தது.